நான் திருப்பி அனுப்பிய ஓட்டு

நம் ஆட்களிடம் ஓட்டுக் கேட்டுப் போவது சுலபம் என்ற நினைப்பில்தான் நீங்கள் எல்லோரும் இந்த அரசியல் வேலைக்குள் வருகிறீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். இந்த நியூஜெர்சி எடிசனில் ஒரு தமிழ் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். ஷூவைக் கழற்றி உள்ளே போனால் சோபாவில் உட்கார வைப்பார்கள். காபி வரும், பின்னாலேயே மிக்சர் வரும். "எங்க ஓட்டு உங்களுக்குத்தான் மேடம், வேற யாருக்குப் போடப் போறோம்" என்று வீடே சொல்லும். நீங்கள் நெகிழ்ந்துபோய் வாசலில் குனிந்து லேஸ் கட்டும்போது வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொல்வார்: "ஆக்சுவலா நாங்க இன்னும் எச்-ஒன் விசாலதான் இருக்கோம், ஓட்டு இல்ல."

எனக்கு அந்த வீடுகள் மீது கோபம் வந்ததே இல்லை. வந்தவளிடம் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் தேர்தல் வேலைகளை நடத்திய அம்மாள்தான் கொதிப்பார். இத்தாலிய வம்சாவளி, பேக்கரி நடத்தியவர், இந்தப் பக்கத்தில் அவர் கை படாத தேர்தலே கிடையாது. "முதலில் குடிமகனா என்று கேள், பிறகு காபி குடி" என்பார். சம்பளம் எவ்வளவு என்று கேட்பது போல இருக்கும் எனக்கு. கேட்க மாட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாளையங்கோட்டையில் பிறந்து, கல்யாணமாகிப் பக்கத்து ஊரான பிஸ்கட்டவே வந்து, பிள்ளைகளை டேகேரில் விட்டுவிட்டுச் சட்டம் படித்தவள். உயில், வீடு வாங்கல் விற்றல், கொஞ்சம் குடியேற்றம் என்று ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருந்தேன். பிறகு டவுன்ஷிப் கவுன்சில், அதற்குப் பிறகு மாநில சட்டமன்றம். இப்போது தொழில், அரசியல் இரண்டிலிருந்தும் ஓய்வு. சட்டமன்றத்துக்கு எப்படிப் போனேன் என்று மேடை மேடையாகச் சொல்லியாயிற்று. முதல் தடவை எப்படிப் போகாமல் போனேன் என்பதை எங்கேயும் சொன்னதில்லை. அதைச் சொல்ல ஒருவருடைய சம்மதம் வேண்டியிருந்தது. இப்போதுதான் கிடைத்தது, இரண்டு நிபந்தனைகளோடு. பெயரை மாற்ற வேண்டும். அன்றைக்குக் கட்டியிருந்தது அரக்குப் பட்டு என்பதை மறக்காமல் எழுத வேண்டும்.

அவரை ருக்மணி ஆன்ட்டி என்று வைத்துக்கொள்வோம். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஈரோட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு வீட்டை விற்றுவிட்டு எடிசனில் இருக்கும் மகன் பிரபுவிடம் வந்துவிட்டார். நான் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு நின்றபோது, ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த எங்கள் ஆபீசுக்குள் ஒரு நாள் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"எனக்கு ஓட்டு இல்லீங்க அம்மிணி, கிரீன் கார்டுதான். போன் குடுத்தீங்கன்னா பேசுவேன்."

போனைக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் தொண்டர் பிள்ளைகள் யாருக்கும் போனில் வேலையே இல்லாமல் போய்விட்டது. "வணக்கமுங்க, சித்த நேரம் பேசலாமுங்களா" என்று இவர் ஆரம்பித்தால் எந்த வீட்டிலும் வைக்க மாட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் யார் வீட்டுக் கல்யாணம் நின்றது, எந்த மில் முதலாளி யாரிடம் கெஞ்சினார் என்பதெல்லாம் இவர் காது வழியாகத்தான் மறுமுனைக்குப் போயிருக்கிறது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ஆன்ட்டி" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். "காதுல வாங்குனது வாய்ல வரக் கூடாது கண்ணு. அதுக்குத்தான் கவர்மென்ட்ல சம்பளம் குடுத்தாங்க" என்பார். ஒரு பெயர்கூட நழுவாது. எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனது. என் அம்மாவிடம்கூட நான் அவ்வளவு திட்டு வாங்கியதில்லை. சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் எங்கே, இந்தத் தலையோடா டிவியில் பேசினாய் என்று ஓயாமல் திட்டுவார்.

தேர்தல் நாள். நவம்பர் குளிர். எங்கள் வாக்குச்சாவடி ஒரு ஆரம்பப் பள்ளி. வாசலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் நின்று ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். அந்த எல்லைக்கு வெளியே நடைபாதையில் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தேன். நாலு எட்டு தள்ளி எதிர்த்தரப்புப் பிள்ளைகள் நின்றார்கள், அவர்களிலும் இரண்டு பேர் நம் தமிழ்ப் பையன்கள்.

அப்போதுதான் ஆன்ட்டி நடந்து வந்தார். அரக்குப் பட்டு, மேலே பிரபுவின் குளிர் ஜாக்கெட், காலில் ஸ்னீக்கர்ஸ், தலையில் மல்லிகை. கையில் ஒரு மூடி போட்ட சம்படம், உள்ளே கொங்கு நாட்டு இடியாப்பம்.

"அம்மிணி, சந்தகை கொண்டாந்திருக்கறேன், ஆறிப் போறதுக்குள்ள தின்னு. நான் போயி ஓட்டப் போட்டுட்டு வந்துர்றேன்."

"யாரு ஓட்டு ஆன்ட்டி? பிரபு காலைலயே போட்டுட்டு ட்ரெயினுக்குப் போயிட்டானே."

"என்ற ஓட்டு!" என்று தன்னையே தொட்டுக் காட்டினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியாது. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மாதிரி வாக்குச்சீட்டை எடுத்து விரித்தார். தேர்தலுக்கு முன்னால் வாக்காளர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தபாலில் வருமே, அதுதான். ஆன்ட்டியின் பெயருக்கே வந்திருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து எடுத்து வந்திருக்கிறார். "உனக்குச் சொல்லாம வெச்சிருந்தேன். பிரபுகிட்டக்கூடச் சொல்லல."

நடந்தது இதுதான். இடையில் ஒரு நாள், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் யாரோ மேஜை போட்டு வாக்காளர் பதிவு நடத்தியிருக்கிறார்கள். ஆன்ட்டி கையில் தட்டோடு நின்றிருக்கிறார். பேர் கேட்டார்கள், சொன்னார். விலாசம் கேட்டார்கள், சொன்னார். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டார். கண்ணாடி வீட்டில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார் என்று ஆன்ட்டிக்குத் தெரியாது. அதற்குச் சில வாரம் முன்னால்தான் பிரபு அவருக்குக் குடியுரிமைக்கு அப்ளை பண்ணியிருந்தான். ஆகவே வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்ததும், அப்ளை பண்ணியது பலித்துவிட்டது என்று ஆன்ட்டி முடிவு கட்டிவிட்டார். நம் ஊரில் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வீடு தேடி வந்துவிட்டால் அப்புறம் என்ன கேள்வி இருக்கிறது?

சட்டம் படித்த உங்களுக்கு இந்த இடத்தில் விஷயம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குடியுரிமை இல்லாத ஒருவர் இங்கே ஓட்டுப் போட்டால் கிரீன் கார்டு போகும், நாட்டை விட்டே அனுப்பலாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்பது பெரிதாக எடுபடாது. பதிவு செய்ததே ஆபத்து; உள்ளே போய்ப் போட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. குடியுரிமை நேர்காணலில் இதைப் பற்றி நேராகவே கேட்பார்கள். ஆன்ட்டிக்கு ஈரோட்டில் வீடும் இல்லை, வா என்று சொல்ல ஆளும் இல்லை. மகன், மருமகள், பேத்திகள், எல்லாம் இங்கேதான்.

அது எனக்கு விழப்போகும் ஓட்டு என்பதும் எனக்குத் தெரியும்.

"ஆன்ட்டி, உள்ள போகாதீங்க" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஏனுங்?"

"இங்க வேணாம், கார்ல வந்து சொல்றேன்."

"என்னத்தச் சொல்றே? அவிய கதவ மூடிருவாங்க."

"எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும். ப்ளீஸ், கார்ல ஏறுங்க."

சத்தமாகச் சொல்லவும் முடியாது. பக்கத்தில் நிற்கும் பையன்களுக்குத் தமிழ் புரியும். ஆன்ட்டி என் கையை உதறினார். டிரங்க் கால் காலத்துக் குரல் அது, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

"இத்தன நாளு வேல வாங்குனியே, என்ற ஓட்டு மட்டும் உனக்கு ஆகாதா?"

தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, கிட்டத்தட்ட தள்ளிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினேன். அவர் அழுதுகொண்டிருந்தார். எதிர்த்தரப்புப் பையன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நான் அந்தப் பக்கம் நின்றிருந்தால் நானும் படம் எடுத்திருப்பேன்.

காரில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டதாகவே தெரியவில்லை. "ஊட்டுக்கே கார்டு வந்துச்சுங்கறேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். இறங்கியவர், நாலடி நடந்து திரும்பி வந்து, பின் சீட்டில் வைத்திருந்த சந்தகைச் சம்படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோற்றதுகூடப் பிறகு ஆறிப்போயிற்று. அந்தச் சம்படம் போனது ரொம்ப நாள் ஆறவில்லை.

மத்தியானத்துக்குள் அந்த வீடியோ நம் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. வயதான தமிழ் அம்மா பட்டுப்புடவையில் அழுகிறார், வேட்பாளர் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். பார்க்க அப்படித்தான் இருந்தது. "நம்ம ஆளையே ஓட்டுப் போட விடல பாருங்க" என்று ஒருவர். "அவங்க வேற கேண்டிடேட்டுக்குப் போடப் போறாங்கன்னு தெரிஞ்சு தடுத்திருக்காங்க" என்று இன்னொருவர். "கோயம்புத்தூர் பக்கத்துக்காரங்க ஓட்டு திருநெல்வேலிக்காரிக்கு வேண்டாமாம்" என்றுகூட ஒரு குரல் செய்தி சுற்றியது. அதைப் பேசியவர் எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவர்.

ஆபீசில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். "மயக்கம் வந்துச்சு, அதான் கூட்டிட்டுப் போனோம்னு ஒரு போஸ்ட் போட்டுடலாம் மேடம்" என்றான் ஒரு தொண்டன். நல்ல பையன், எனக்காகத்தான் சொன்னான். கூடாது என்றேன். இன்றைக்கு நான் சொல்லும் பொய்யை நாளைக்கு ஆன்ட்டி ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்து சுமக்க வேண்டியிருக்கும். "பேரு சொல்லாம, அவங்களுக்கு ஓட்டு இல்லைன்னு மட்டும்?" என்றாள் இன்னொருத்தி. முகம் வீடியோவில் இருக்கிறதே. அந்த அரை வாக்கியம் போதும், யாராவது வாக்காளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துப் புகார் எழுதிப் போட.

கடைசியில் எங்கள் பேக்கரி அம்மாள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒரே ஒரு வரி கொடு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏன் தடுத்தாய்?"

"சொல்ல முடியாது."

"என்னிடம்கூடவா?"

"உங்களிடம்கூட."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். மேஜையைக் குத்தப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்படியானால் அந்தப் பெண்மணி இப்போது உன் கிளையன்ட்."

"ஆமாம்."

"எங்கே வைத்து ஆனார்?"

"நடைபாதையில்."

"தோற்றுவிடுவாய், தெரியுமா?"

"தெரியும்."

"சரி. மூஞ்சியைக் கழுவிக்கொண்டு போய் நில். சிரி. கை குலுக்கு. திட்டினால் வாங்கிக்கொள்." போனை எடுத்து அடுத்த வாக்குச்சாவடிக்கு எண்ணை அழுத்த ஆரம்பித்துவிட்டார். கட்சிக்காரரின் ரகசியம் என்றானதும் அவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வழக்கறிஞர் தொழிலின் பக்கமே போகாத ஒருவர் அதை அப்படி ஏற்றுக்கொண்டதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

போய் நின்றேன். திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். தோற்றேன். பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஆட்கள் நிறையப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. வீடியோவினால்தானா, வேறு காரணமா, யாருக்குத் தெரியும். பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பெரிய தியாகம் செய்த நிம்மதி எல்லாம் இல்லை. வயிற்றெரிச்சல்தான் இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த வாரம் பிரபு என் ஆபீசுக்கு வந்தான். சண்டை போடத்தான் வந்தான். நான் பேசி முடித்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அம்மா எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையே ஆன்ட்டி" என்றான். அவனுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் குறைவு. அவனுக்கும் நான் ஆன்ட்டிதான்.

இந்த வழக்கை நான் நடத்தவில்லை. இதை இளம் வக்கீல்கள் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நடந்ததற்கு நான் சாட்சி. அந்த ஓட்டில் எனக்கு ஆதாயமும் இருந்தது. அவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை எவ்வளவு இருந்தாலும், நியூவார்க்கில் குடியேற்ற வழக்குகளையே பார்க்கும் ஒரு வக்கீல் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினேன். பதிவை ஆன்ட்டியே முன்வந்து ரத்து செய்தார். நடந்தது நடந்தபடி எழுதிக் கொடுத்தார். நானும் என் சாட்சியத்தை எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் எனக்குப் போன் வந்தது.

"அம்மிணி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் ஆன்ட்டி."

"வக்கீலம்மா எல்லாத்தையும் சொல்லுச்சு. நீ வாயத் தொறந்திருந்தீன்னா நான் இன்னேரம் பொட்டி கட்டியிருக்கோணுமாமா."

"அப்படியெல்லாம் இல்ல ஆன்ட்டி."

"ஊரே உன்னத் திட்டுச்சு. நானுந்தான் திட்டுனேன். ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"காதுல வாங்குனது வாய்ல வரக் கூடாதுன்னு ஒருத்தங்க சொல்லியிருந்தாங்க."

மறுமுனையில் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

குழுவில் எல்லோருக்கும் இப்போதே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று துடித்தார். குடியுரிமை கையில் வரும்வரை மூச்சு விடக் கூடாது என்று வக்கீல் அம்மாவும் நானும் கட்டிப்போட்டோம். அவருக்கு அதுதான் பெரிய வேதனை. கோயிலில் அவருக்கு முன்னாலேயே என்னைத் திட்டுவார்களாம். "பாவம் நீங்க, அந்த அம்மா உங்கள அப்படி இழுத்துட்டுப் போச்சே" என்று கையைப் பிடித்துக்கொள்வார்களாம். வாயை மூடிக்கொண்டு பொங்கல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாராம்.

நேர்காணலில் அதிகாரி கேட்பதற்கு முன்பே ஆன்ட்டி சொல்லிவிட்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வேட்பாளர் யார்?" என்று கேட்டாராம். சொன்னாராம். "ஜெயித்தாரா?" என்று கேட்டாராம். "இல்லை சார், எலெக்ஷன் லாஸ்ட்" என்றாராம். அன்றைக்கு முடிவு சொல்லவில்லை. மாதக்கணக்கில் இழுத்தது. ஆன்ட்டி பாதியாக இளைத்துப்போனார். கடைசியில் குடியுரிமை வந்தது. எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. இதே மாதிரி வந்து, முடியாமல் போன வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கதையை நம்பி யாரும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று சாயந்திரமே எல்லாக் குழுக்களிலும் ஆன்ட்டியின் குரல் செய்தி வந்தது. "அந்த வீடியோல அழுதவ பேசறனுங்க" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல், ஒருவரையும் விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினார். திருநெல்வேலிக்காரி என்று பேசிய நண்பர் மறுநாள் என் வீட்டுக்கு இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன். வேறென்ன செய்வது?

அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு மறுபடி நின்றேன். பேக்கரி அம்மாள்தான் நிற்க வைத்தார். அதே பள்ளிக்கூடம், அதே நடைபாதை, அதே குளிர். ஆன்ட்டி வந்தார். அதே அரக்குப் பட்டு, அதே ஜாக்கெட், மஞ்சள் தடவிய மாதிரிச் சீட்டு. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். எதிர்த்தரப்புப் பிள்ளைகளும் தட்டினார்கள். ஆன்ட்டி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோம்பித் திருநாளில் கோயிலுக்குள் போகிறவர் போல நேராகப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே வர ரொம்ப நேரம் ஆனது. ஓட்டுப் போட்டதற்குக் கொடுக்கும் ஸ்டிக்கர் ஜாக்கெட்டில் ஒட்டியிருந்தது. நேராக என்னிடம் வந்து, சம்படத்தைக் கையில் வைத்தார். இன்னும் சூடு இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆன்ட்டி, எனக்குத்தானே போட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனம்மிணி, எக்ஸ்சேஞ்சுக்காரிகிட்டக் கேக்கற கேள்வியா இது?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தேர்தலில் ஜெயித்தேன், அதற்கு அடுத்ததிலும் ஜெயித்தேன். ஒவ்வொரு முறையும் அவர் சந்தகை கொண்டுவந்தார். யாருக்குப் போட்டார் என்பதை மட்டும் இன்றுவரை அவர் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.